பெரியவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பாதீர்கள்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு புதுத் தண்டனை வந்திருக்கிறது. அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விசேஷ நாளில் எல்லோருக்கும் கூடத்தில் இலை விழும். அப்பாவுக்கு மட்டும் உள்ளறையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் இரண்டு சப்பாத்தி, உப்புக் குறைத்த கூட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். "உங்களுக்குத்தான் இதெல்லாம் ஆகாதே. முன்னாடியே சாப்பிட்டுட்டுப் படுங்கப்பா." கூடத்தில் பேரப்பிள்ளைகள் பாயசத்துக்கு அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கும். நெய் மணக்கும். மூக்குக்கு மட்டும் இன்னும் யாரும் பத்தியம் போடவில்லை.

பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் இந்த அக்கறை கைப்பேசி வழியாக வரும். பிரான்சில் ஒரு மகள், பெங்களூரில் ஒரு மகன் என்று இருக்கிற வீடுகள் காரைக்காலில் எத்தனையோ. என் வீடும் அதில் ஒன்று. "அப்பா, தட்டைக் காட்டுங்க. ஓரத்துல மஞ்சளா என்ன அது?" "பரங்கிக்காய்ம்மா." "சரி, சாப்பிடுங்க." முப்பத்து மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தேன். எந்த மேலதிகாரியும் என் கோப்புகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது கிடையாது.

பிள்ளைகளுக்கு அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு இருப்பதால்தான் இவ்வளவு பாடு. ஆனால் அந்த அன்பு தப்பான பாதையில் போகிறது என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு அளந்து போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரோடும் உட்கார வைத்துப் போடுங்கள். அளந்து போடுவது வைத்தியம். தனியே உட்கார வைப்பது தண்டனை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

மாம்பழத்தின் பெயரால் ஊர் அறியப்பட்ட இடத்திலே

இது வேறெந்த ஊரில் நடந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். காரைக்காலில் நடக்கலாமா?

நம் ஊர் அம்மையாரின் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழங்களை அனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. புனிதவதியார் யோசிக்கவில்லை. சோற்றோடு ஒரு மாம்பழத்தை வைத்து அடியாரை உண்ண வைத்துவிட்டார். மத்தியானம் வந்த கணவன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, ருசி பிடித்துப்போய் இன்னொன்றையும் கேட்டான். அம்மையார் வேண்ட, இறைவன் அருளால் கையில் ஒரு பழம் வந்தது. அதன் ருசியே வேறாக இருந்தது. "இது எங்கிருந்து வந்தது?" என்று விசாரணை தொடங்கியது. அந்த விசாரணையில்தான் குடும்பம் பிரிந்தது. கவனியுங்கள்: பழத்தைப் பகிர்ந்ததால் பிரியவில்லை. தட்டில் இருந்ததற்கு விளக்கம் கேட்டதில் பிரிந்தது!

ஒவ்வொரு ஆனி மாதமும் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழாவில் இதைத்தான் கொண்டாடுகிறோம். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் கூடை கூடையாய் மாம்பழத்தை இறைக்கிறோம். கீழே நிற்பவர்கள் யார், என்ன ஜாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். பிறகு அமுது படையல். தயிர்ச் சோறும் மாம்பழமும். பிச்சை கேட்டு வந்த சாமிக்கே பந்தி போடுகிற ஊர் இது. அந்த ஊரில் பெற்ற தகப்பனைப் பந்தியிலிருந்து எழுப்பலாமா?

எங்களுக்குச் சாப்பாடு என்றால் என்ன

இன்றைய பிள்ளைகளுக்கு உணவு என்றால் கலோரி, புரதம், கார்ப். எங்கள் தலைமுறைக்கு ஒவ்வொரு பண்டமும் ஒரு முகம், ஒரு ஊர், ஒரு வழி. அதைப் புரிந்துகொள்ளாமல் எங்கள் தட்டில் கை வைக்கக் கூடாது.

பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் போட்ட மீட்டர்கேஜ் ரயில் பாதை ஒன்று இருந்தது. 1980-களில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலில் போனவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள். திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாக வயலுக்கு நடுவே ஆடி அசைந்து போகும். அப்பா எங்களை மாயவரத்துக்கு அழைத்துப் போகும்போது, வண்டி திருநள்ளாற்றைத் தாண்டியதும் அம்மா இலைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. எதிர் இருக்கையில் இருப்பவருக்கு முதலில் நீட்டிவிட்டுத்தான் நாங்கள் எடுக்க வேண்டும். அது அம்மாவின் சட்டம். பேரளத்தில் வண்டி மாறி மாயவரத்தில் இறங்கியதும், அப்பா காளியாகுடி ஓட்டலில் ஒரு காப்பி வாங்குவார். பாதியை டவராவில் ஊற்றி என்னிடம் தள்ளுவார். அந்த அரை டவரா காப்பியில்தான் நான் பெரியவனானேன்.

மாயவரம் ஒரு திசை என்றால் நாகூர் இன்னொரு திசை. தர்காவுக்குப் போகாமல் எங்கள் வீட்டில் ஒரு வருஷமும் கழிந்ததில்லை. அரிசி மாவில் இறாலும் வெங்காயமும் வைத்துப் பொரிக்கிற வாடாவை அங்கேதான் முதலில் தின்றேன். பள்ளித் தோழன் ஒருவனின் அக்கா கல்யாணத்துக்கு நாகூர் போனபோது சகனில் உட்கார வைத்தார்கள். ஒரே பெரிய தட்டு, அதைச் சுற்றி நான்கைந்து பேர். நடுவில் நெய்ச்சோறு, மேலே கறி, தாளிச்சா. அவரவர் பக்கத்தை அவரவர் சாப்பிட வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு நான் ஓரத்தில் கொறித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், தோழனுடைய வாப்பாவின் வாப்பா, பல் ஒன்றுகூடக் கிடையாது, மெத்தென்ற கறியாகப் பார்த்து எடுத்து என் பக்கம் தள்ளினார். "சாப்புடு தம்பி, சாப்புடு." அவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். அவர் தின்றது என் கையளவு. ஆனால் அந்தச் சகனில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. அவரை உள்ளறையில் தனித் தட்டோடு உட்கார வைக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆடிப்பெருக்குக்கு அரசலாற்றங்கரை. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு. பாட்டி எல்லாவற்றிலும் ஒரு கவளம் எடுப்பாள், அதோடு சரி. மீதியெல்லாம் எங்களுக்கு உருட்டிக் கொடுப்பாள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து வருகிற நோன்புக் கஞ்சி, ஒரு தூக்குவாளியில் வந்து எட்டு டம்ளராகப் பிரியும். வயதானவர்கள் அன்றும் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் பரிமாறுகிற கை அவர்களுடையதாக இருந்தது. இன்று பரிமாறுகிற உரிமையும் போய், சாப்பிடுகிற இடமும் போய்விட்டது.

"சர்க்கரை இருக்கே" என்கிறீர்களா?

இருக்கிறது. மறுக்கவில்லை. அதுவும் நம் பக்கத்தில் மிக அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் எடுத்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி என்றது. மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 சதவீதம், அடுத்ததாகப் புதுச்சேரி 26.3 சதவீதம். பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். நாமும் புதுச்சேரி மாநிலம்தானே. ஆகவே "ஒன்றும் ஆகாது, எல்லாம் தின்னுங்கள்" என்று சொல்கிற மடையன் நானில்லை.

ஆனால் மாம்பழத்தைப் பேயாகக் காட்டுகிறவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறேன். 100 கிராம் மாம்பழத்தில் மாவுச்சத்து, இனிப்பு எல்லாம் சேர்த்து சுமார் 15 கிராம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம். மாம்பழத்தைக் கண்டால் அலறுகிற வீட்டில் மூன்று கரண்டிச் சோறும், ராத்திரி நாலு இட்லியும் கேள்வியே இல்லாமல் போகின்றன. ஒரு கீற்று மாம்பழம் சாப்பிடுகிற நாளில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். இது புரிய மருத்துவப் பட்டம் வேண்டாம். ஆனால் சோற்றைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் எல்லோரும் குறைக்க வேண்டிவரும். மாம்பழத்தை மறுத்தால் கிழவனோடு போயிற்று! அதுதான் சௌகரியம்.

என் மனைவி இருபத்திரண்டு வருஷம் சர்க்கரையோடு வாழ்ந்தாள். மாங்கனி நாளில் அவளுக்கு ஒரு கீற்று உண்டு. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோர் எதிரிலும். அன்றைக்குச் சோறு பாதி. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசி வருஷம்வரை அவள் எழுத்து கோணவில்லை. அவள் மாம்பழத்தைக் கணக்கில் எழுதித் தின்றாள், களவில் தின்னவில்லை.

களவு என்றேன். அதற்கு எதிர்க்கதையும் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவர் வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கூடாது. டீயில் சீனி இல்லை, வீட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இல்லை. அவர் தினம் சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கக் கிளம்புவார். போகிற வழியில் கடைத்தெருவில் நின்றபடியே நாலு ஜாங்கிரி. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே நடப்பார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. ஏன் என்று மகனுக்கும் தெரியவில்லை, மருத்துவருக்கும் தெரியவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். ஒருநாள் கடை அடைப்பு. ஜாங்கிரி கிடைக்கவில்லை. கூட்டின மாத்திரை தன் வேலையைச் செய்தது. சர்க்கரை சடாரென்று இறங்கி, கடற்கரைச் சாலையில் மயங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

அவரைத் திட்டத்தான் எல்லோரும் வந்தார்கள். நான் கேட்கிறேன்: ஊருக்கே ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த மனுஷனை, எழுபத்தாறு வயதில் தெருவில் ஒளிந்து தின்னும்படி ஆக்கியது எது? வீட்டில் வாரத்துக்கு ஒருநாள், எல்லோர் முன்னாலும் அரை ஜாங்கிரி கிடைத்திருந்தால் அவர் நாலு தின்றிருப்பாரா? தின்றாலும் மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டாரா? முழுத் தடை சர்க்கரையைக் குறைப்பதில்லை. சர்க்கரையை மறைக்கிறது.

இது என் சொந்தத் தத்துவம் மட்டுமில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல்களைப் பாருங்கள். பல நோய்கள் சேர்ந்துள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவில் 8-க்குக் கீழ் என்று சற்றுத் தளர்வான இலக்கே போதும் என்கிறார்கள். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் "இனிப்பே கிடையாது" என்பது போன்ற கடும் பத்தியம் வைத்தால், அவர்கள் சாப்பாட்டையே குறைத்து, உடல் மெலிந்துபோகும் அபாயம் உண்டு என்றும் எச்சரிக்கிறார்கள். வயதானவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதைப் போலவே இறங்குவதும் ஆபத்து. நம் பிள்ளைகள் ஏற்றத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஒரு பிரச்சினை. மாம்பழம், இளநீர் எல்லாம் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆனால் அவர்களும் பந்தியில் உட்காரலாமே? அவர்கள் இலையில் வேறு பண்டம் இருக்கட்டும். இலை ஒரே வரிசையில் இருக்கட்டும்.

தனிமைக்கு மாத்திரை ஏது?

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார்களாம். ஆண்டுக்கு 8,71,000 மரணங்களோடு தனிமைக்குத் தொடர்பு உண்டு என்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, விரலைக் குத்திப் பார்க்கக் கருவி இருக்கிறது. உள்ளறையில் தனியே சப்பாத்தி தின்கிற மனுஷனின் மனசு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்ட எந்தக் கருவி இருக்கிறது?

பிரேசில் நாட்டு அரசு 2014-இல் மக்களுக்கு ஓர் உணவு வழிகாட்டி வெளியிட்டது. எதைத் தின்ன வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. முடிந்தவரை மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று அதையும் ஓர் அறிவுரையாகவே எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் காரைக்காலில் காலூன்றி, 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தை நம்மிடம் விட்டுப் போனவர்கள். அவர்களுடைய விருந்துச் சாப்பாட்டை யுனெஸ்கோ 2010-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பட்டியலில் ஏறியது ஒரு குறிப்பிட்ட பண்டம் அல்ல. எல்லோரும் கூடி உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுப் பேசி மகிழ்கிற வழக்கம்தான் ஏறியது. பாரிஸ் பக்கம் இருக்கிற என் மகளிடம் இதைச் சொன்னேன். "நீ குடியிருக்கிற நாட்டுக்காரன் மேசையில் தாத்தாவுக்கு நாற்காலி போடுகிறான். நீ உன் அப்பாவின் தட்டை ஃபோனில் சோதனை போடுகிறாய்." சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த நாள் தட்டைக் காட்டச் சொல்லவில்லை. "யாரோடப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். முதல் தடவையாகச் சரியான கேள்வி!

அமிர்தத்தின் ஊரில் ஒரு காட்சி

போன வருஷம் ஒரு சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தேன். அமிர்த கலசமே லிங்கமாக நிலைத்த தலம் என்பது ஐதீகம். சாமி பெயரே அமிர்தகடேஸ்வரர். எண்பது வயதுத் தம்பதி, கழுத்தில் மாலை, நாலு பிள்ளைகள், ஏழு பேரக் குழந்தைகள், மண்டபம் நிறைய உறவு. மேளம் முடிந்து பந்தி. அசோகா அல்வா மணக்கிறது. பெரியவர் இலையில் உட்கார்ந்தார். மகன் ஓடி வந்து பரிமாறுகிறவரின் கையைத் தடுத்தான். "அப்பாவுக்கு வேண்டாம், அப்பாவுக்கு வேண்டாம்." அல்வா வேண்டாம், வடை வேண்டாம், பாயசம் வேண்டாம். புகைப்படக்காரர் வந்து, "ஐயா, ஒருத்தருக்கொருத்தர் ஸ்வீட் ஊட்டுங்க" என்றார். படத்துக்காக ஒரு சிட்டிகை அல்வா வாய்வரை போயிற்று. படம் எடுத்ததும் மகன் அதைக் கையிலிருந்து வாங்கி இலை ஓரத்தில் வைத்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே இருந்தார்.

நீடூழி வாழ வேண்டும் என்றுதான் அந்தச் சடங்கே நடக்கிறது. எதற்காக நீடூழி வாழ வேண்டும் என்று அந்த மகனை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்

பிள்ளைகளுக்கு: மருத்துவரிடம் "அப்பா என்னென்ன சாப்பிடக் கூடாது?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை சாப்பிடலாம்?" என்று அப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். வாங்கிய அளவை வீட்டில் எல்லோரும் அறியும்படி சொல்லிவிடுங்கள். விசேஷ நாளில் முதல் இலை பெரியவர்களுக்கு. சின்னக் கரண்டியால் போடுங்கள், பரவாயில்லை. வெளியூரில் இருப்பவர்கள் கண்காணிப்பதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிடும்போது ஃபோனை மேசையில் நிறுத்தி அவர்களோடு பேசிக்கொண்டே சாப்பிடுங்கள்.

விருந்து வைப்பவர்களுக்கு: எல்லா இலையிலும் ஒரே அளவு இனிப்பைக் கொட்டுவதை விடுங்கள். பாதி அளவு இனிப்பு கேட்டவர்களுக்கு முகம் சுளிக்காமல் பாதி போடுங்கள். மீந்து குப்பைக்குப் போவதும் குறையும்.

நம் வயதுக்காரர்களுக்கும் உண்டு. நம்மில் சிலர் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. ஒரு கீற்றுக்கு உரிமை கேட்டுவிட்டு ஒரு பழத்தை முடிப்பவர்கள் இருக்கிறோம். நடக்கச் சொன்னால் முட்டி வலி, ஜாங்கிரிக் கடைக்கு மட்டும் முட்டி வலிக்காது. அளவுக்குக் கட்டுப்படாதவன் பந்தியில் இடம் கேட்க முடியாது. நோட்டுப் போட்டு எழுதுங்கள். தின்றதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஒரு கீற்று கிடைத்தால் அதிலும் பாதியைப் பேத்திக்குக் கொடுங்கள். நாகூர்ச் சகனில் அந்தப் பெரியவர் செய்ததும் அதுதான், ஆற்றங்கரையில் என் பாட்டி செய்ததும் அதுதான். நம் வயதில் ருசி நாக்கில் பாதிதான். மீதி, கொடுக்கிற கையில் இருக்கிறது.

ஆனி வரும். மாங்கனியும் வரும். கூடையோடு மாடி ஏறித் தெருவில் நிற்கிற முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பழம் இறைக்கப் போகிறீர்கள். புண்ணியம்தான், செய்யுங்கள். இறைப்பதற்கு முன்னால் கீழ்வீட்டில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஒரு கீற்று நறுக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கீற்று நீங்களும் சாப்பிட்டுவிட்டு மாடி ஏறுங்கள்.